வரப்போரத்து மஞ்சள் கரிசலாங்கண்ணி



வயல் வரப்பு, வாய்க்கால் கரை, கிணற்றடி என்று ஈரம் உள்ள இடங்களில் தரையோடு தரையாகப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடி ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி. பொற்றலைக் கையாந்தகரை என்றும் சொல்வார்கள். "களைதானே, வெட்டித் தள்ளு" என்பவரும் உண்டு. கீரையாகப் பறித்துச் சமைப்பவரும் உண்டு. இதை அடையாளம் காண்பது எப்படி, வளர்ப்பது எப்படி, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு பூ அல்ல. நடுவில் பொடிப்பொடியாகப் பல பூக்கள், சுற்றிலும் இதழ் போல நீண்ட பூக்கள்; எல்லாம் ஒரே கொண்டையில் கூடியிருக்கின்றன. சூரியகாந்திப் பூவைப் பிட்டுப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி பெரும்பாலும் ஒரு பருவத்தில் பூத்து, விதைவிட்டுக் காய்ந்துபோகும். மஞ்சள் அப்படியல்ல, பல ஆண்டு வாழும். தண்டு படரப் படர, கணுவுக்குக் கணு வேர் இறங்கும். அதனால்தான் மேலாகச் செதுக்கினால் மறுபடியும் துளிர்க்கிறது. அந்த வேர்ப்பின்னல் வரப்பு மண்ணையும் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் வரப்பு கழிக்கும்போது வெட்டிய துண்டுகளை வயலுக்குள் போடாதீர்கள். ஈரம் பட்டால் அங்கேயும் வேர் பிடித்துக் களையாகிவிடும்.

இனி முக்கியமான சங்கதி. தோட்ட அழகுக்காக நர்சரியில் விற்கும் வெடலியா என்ற செடியும் இதே மாதிரி மஞ்சளாகப் பூக்கும். இரண்டும் நெருங்கிய உறவுதான், ஆனால் ஒன்றல்ல. அதன் சொந்த ஊர் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். உலகில் மிகவும் தொல்லை தரும் 100 அயல் உயிரினங்கள் என்று தயாரித்த பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். நம்ம கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வெடலியா இலை பளபளப்பாக, இரண்டு பக்கமும் பிதுங்கி மூன்று மடல் போலத் தெரியும். அதைக் கீரை என்று பறிக்கவும் கூடாது, மூலிகை என்று விற்கவும் கூடாது. வேண்டாமென்று பிடுங்கினால் வாய்க்காலில் எறியாதீர்கள். தண்ணீரோடு போய், ஒதுங்கிய கரையில் எல்லாம் முளைத்துவிடும். களத்தில் போட்டுச் சருகாகக் காயவிடுங்கள்.

அசல் செடியை வளர்ப்பது சுலபம். நாலைந்து கணு உள்ள தண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒரு சாணுக்கு ஒன்றாக நடுங்கள். தொழு உரம் கலந்த மண்ணும், காயாத ஈரமும், கொஞ்சம் நிழலும் போதும். கொல்லையில் குளிக்கிற தண்ணீர் போகும் இடம் வேண்டாம். நல்ல தண்ணீரே பாயட்டும். படர்ந்த பிறகு அடித்தண்டை விட்டு மேல்பாகத்தை மட்டும் அறுத்தால், திரும்பத் திரும்பத் துளிர்க்கும். இலையைப் பருப்போடு சேர்த்துக் கடையலாம், பொரியல் செய்யலாம்.

களைக்கொல்லி அடித்த வரப்பிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்கவே கூடாது. இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் சரி.

மருந்துக் குணம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் செடியிலுள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் பணியாற்றியவர்களும் 1956-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே பொருள் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பிராணிகளிடம் நடந்த சோதனைகளில், அது ஈரலைக் காக்கும் தன்மை உடையது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் பிராணிக்குப் பலித்தது மனிதனுக்கும் மருந்தாகும் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

"காமாலைக்குக் கரிசலாங்கண்ணிச் சாறு குடித்தால் போதும்" என்று கிராமத்தில் சொல்வார்கள். காமாலை என்பது நோயின் அடையாளம். நோய் வேறு வேறாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த சேற்றில் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அதிலும் கண் மஞ்சளாகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவையும் சேர்ந்து வரும். ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை, ஊசியில் குணமாகும். சாறு குடித்துப் பார்ப்போம் என்று நாலு நாள் தள்ளினால் சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கண் மஞ்சளானால் முதலில் டாக்டரிடம் போங்கள். நடவு வேலை, வயல் வேலை செய்கிறவன் என்பதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். கீரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள்.

செடியில் சந்தேகம் இருந்தால், பூவும் இலையும் உள்ள கொடி ஒன்றை வேரோடு எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிக் கேளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு பறிக்கலாம், நடலாம்.