எட்டு மாதம்கூட நீடிக்காத அமைச்சர்

1977 ஜூன் 15. ஸ்பெயினில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு சுதந்திரமான தேர்தல் நடந்தது. வென்ற பிரதமர் அடோல்ஃபோ சுவாரஸ், பொருளாதாரத்துக்கான துணைப் பிரதமர் பொறுப்பை ஒரு பேராசிரியரிடம் கொடுத்தார். அவர் என்ரிக்கே ஃபுவென்டெஸ் கின்டானா. 1924இல் பலென்சியா மாகாணத்தில் பிறந்தவர், அரசு நிதியியல் கற்பித்தவர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் மூடிக்கிடந்த பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட 1959ஆம் ஆண்டின் நிலைப்படுத்தல் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

அவர் வந்தபோது நிலைமை மோசம். 1973இன் எண்ணெய் நெருக்கடி, இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த நாட்டை உலுக்கியிருந்தது. 1977 முடிவில் விலைவாசி உயர்வு 26 சதவீதம். வந்த வேகத்தில் நாட்டு நாணயமான பெசெட்டாவின் மதிப்பைக் குறைத்தார். தொலைக்காட்சியில் தோன்றி நெருக்கடியை மக்களுக்கே நேரடியாக விளக்கினார். அமைச்சர்கள் வழக்கமாகச் செய்யத் தயங்கும் வேலை அது.

அவருடைய முக்கியமான யோசனையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். விலை போன ஆண்டு 25 சதவீதம் ஏறியது என்றால், தொழிலாளி இந்த ஆண்டு அதற்கும் சற்று மேலாகக் கூலி உயர்வு கேட்பார். முதலாளி அந்தச் செலவைப் பொருளின் விலையில் ஏற்றுவார். அடுத்த ஆண்டும் விலை அதே வேகத்தில் ஏறும். பழைய விலையேற்றம் புதிய விலையேற்றத்தைப் பெற்றுப்போடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க, கூலியை நடந்து முடிந்த விலையேற்றத்தோடு இணைக்காமல், வரும் ஆண்டுக்கு அரசு எதிர்பார்க்கும் விலையேற்றத்தோடு இணைக்கச் சொன்னார். 1978க்கான உச்சவரம்பு 22 சதவீதம் என்று முடிவானது.

விலை 26 சதவீதம் ஏறிய பிறகு 22 வாங்கிக்கொள்ளச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்? அதனால்தான் 1977 அக்டோபரில் பிரதமரின் மொன்க்ளோவா மாளிகையில் முக்கியக் கட்சிகளின் தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் கம்யூனிஸ்ட் தலைவர் சாந்தியாகோ கர்ரியோவின் கையெழுத்துதான் என் பார்வையில் மிகவும் கனமானது. அவர் கட்சியின் செல்வாக்கில் இருந்த தொழிற்சங்கங்களின் பொறுமை அதில் அடங்கியிருந்தது. ஈடாக, பணக்காரர்களும் வரி கட்டும்படியான வரிச் சீர்திருத்தமும் சமூகச் செலவுகளும் உறுதியளிக்கப்பட்டன. வரிச் சீர்திருத்தத்தை நிதியமைச்சர் பிரான்சிஸ்கோ ஃபெர்னான்டெஸ் ஓர்டோன்யெஸ் நடத்தினார்.

1978 முடிவில் விலைவாசி உயர்வு 16 சதவீதத்துக்கு அருகில் இறங்கியது. வேலையின்மை மட்டும் இறங்கவில்லை. அடுத்த பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே போனது. ஒப்பந்தத்தைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த 16 சதவீதத்தை அவர் அமைச்சராக இருந்து பார்க்கவில்லை. 1978 பிப்ரவரியிலேயே பதவி விலகியிருந்தார். அந்த இடத்துக்கு ஃபெர்னாண்டோ அப்ரில் மார்த்தோரெல் வந்தார். பேராசிரியர் ஆராய்ச்சிக்குத் திரும்பி, ‘பாப்பெலெஸ் தெ எகோனோமியா எஸ்பான்யோலா’ இதழை நடத்தினார், ஸ்பானியப் பொருளியல் சிந்தனையின் வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தொகுத்தார். 2007இல் மாட்ரிட்டில் காலமானார்.