இரட்டைக் குவளையை எண்ணுவது எப்படி?



இந்த நினைவுப் பேருரையில் ஆய்வு முறைகளைப் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது, இலக்கிய மன்றத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன், கவிதை எழுதிய அதே நோட்டின் பின்பக்கத்தில்தான் எந்த ஊரில் எந்தக் கடையில் தனிக்குவளை இருக்கிறது என்பதையும் தேதி போட்டு எழுதிவைத்தார். பார்த்ததை ஒரு மையிலும் கேள்விப்பட்டதை வேறு மையிலும் எழுதுவார். ஆய்வு முறை என்று பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் நடத்துவதில் பாதி அந்த இரண்டு மையில் இருக்கிறது.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் நாலைந்து பேர் அச்சடித்த கேள்வித்தாளோடு ஓர் ஊருக்குப் போனோம். பேருந்து நின்ற இடத்திலேயே தேநீர்க் கடை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டோம். “இந்த ஊரில் தீண்டாமை உண்டா?” என்பது முதல் கேள்வி. கடைக்காரர் அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். கேட்கப்பட்டவர் எங்கள் சனம்தான். “அதெல்லாம் அந்தக் காலம் தம்பி, இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்” என்றார். பதினோரு பேரிடம் கேட்டோம். பத்துப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஓர் இளைஞர் மட்டும் கூரையில் செருகியிருந்த குவளைகளைக் கையால் காட்டிவிட்டார். அடுத்த வாரமே அவருக்கு வாழைத்தோட்டத்து வேலை போயிற்று. நாங்கள் கேள்வித்தாளை நிரப்பி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தோம்.

அண்ணன் எங்களைத் திட்டவில்லை. “கேள்வி சரியா தப்பான்னு அப்புறம் பாப்போம். கேட்ட இடம் யாரோட இடம்?” என்று மட்டும் கேட்டார். மறுமுறை ராத்திரி எட்டு மணிக்கு மேல் சேரிக்குள் போய், திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். பதில்கள் முழுக்க வேறாக இருந்தன. பகலில் அவர்கள் எங்களிடம் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்கிறவர் மாலையில் பேருந்து ஏறிப் போய்விடுவார், பதில் சொன்னவர் அந்த ஊரிலேதான் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சரி, இடம் சரியாக இருந்தாலும் கேள்வியின் வாசகம் இருக்கிறது. 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் எடுக்கப்பட்டது. அதில் தீண்டாமை பற்றி இரண்டு படியாகக் கேட்டார்கள். முதல் படி நேரடியானது: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா? இல்லை என்றவர்களிடம் இரண்டாவது: தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால் பரவாயில்லையா? ‘தீண்டாமை’ என்ற சொல்லைக் கேட்டதும் சட்டமும் போலீஸும் நினைவுக்கு வரும். சமையலறை என்றதும் அம்மாவும் பாட்டியும் நினைவுக்கு வருவார்கள். இரண்டு படியிலுமாகச் சேர்த்து 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதாக ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்கள் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்கு அது. மேடையில் அதை ‘இந்தியாவில் தீண்டாமை 27 சதவீதம்’ என்று முழங்கினால், குறைத்துச் சொன்னவர்கள் நாமே ஆகிவிடுவோம்.

யாரை எண்ணுவது என்ற வரையறையும் லேசான சங்கதி அல்ல. 1911 குடிமதிப்பில், இந்துக்களுக்குள் யார் யார் ஒதுக்கப்பட்டவர்கள் என்று கண்டறியப் பத்து அடையாளங்களை வகுத்தார்கள். கோயிலுக்குள் நுழைய முடியாமை, தொட்டால் தீட்டு என்று கருதப்படுவது, பிராமணப் புரோகிதர் இல்லாமை, இறந்தோரைப் புதைப்பது, மாட்டிறைச்சி உண்பது எல்லாம் அதில் உண்டு. பின்னர் 1932இல் வாக்குரிமை பற்றி விசாரித்த லோதியன் குழுவின் முன், சில மாகாணங்களில் தீண்டப்படாதோரே அனேகமாக இல்லை என்று வாதாடினார்கள். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் இதை எதிர்கொண்டு தனிக்குறிப்பே எழுத வேண்டியிருந்தது. எண்ணிக்கை என்றால் சட்டமன்ற இடம். தலை குறைந்தால் இடம் குறையும். வரையறையைச் சுருக்கினால் ஆட்களைக் காணாமல் ஆக்கிவிடலாம் என்பதை அவர்கள் நமக்கு முன்பே படித்திருந்தார்கள்.

வீடு வீடாகப் போகாமல் ஊரையே அலகாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட நூல் 11 மாநிலங்களின் 565 ஊர்களில் நடந்த ஆய்வைக் கொண்டது. இந்த ஊரில் இந்த வழக்கம் உண்டா இல்லையா என்பதே அங்கே கேள்வி. 37.8 சதவீத ஊர்களின் அரசுப் பள்ளிகளில் தலித் குழந்தைகள் தனியே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்று அது பதிவு செய்தது. கவனியுங்கள், இது ஊர்களின் சதவீதம், குழந்தைகளின் சதவீதம் அல்ல. நம் துண்டறிக்கைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழு அறிக்கையையும் தூக்கி எறிவார்.

இனி, யாரிடமும் கேள்வியே கேட்காத ஒரு முறை. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதலில் ஓர் உதாரணம்: சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். தகுதி ஒன்றுதான் அளவுகோல் என்று சொன்ன அவர்களில் பெரும்பாலோர், ஆளை எடுக்கும்போது ‘குடும்பப் பின்னணி’ பார்ப்போம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சொல்லையும் செயலையும் பிரித்துப் பார்க்க, தோரட்டும் பால் அட்டெவெல்லும் வேறொரு காரியம் செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒத்தவை; பெயர் மட்டும் ஒன்று உயர்சாதி இந்து, ஒன்று தலித், ஒன்று முஸ்லிம். யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இந்த ‘வாய்ப்பு விகிதம்’ என்ற இடத்தில் மாணவர்கள் சற்று நிற்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அழைப்பு வந்ததை வராததால் வகுத்து, அப்படிக் கிடைத்த ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைப்பது அது. ஒரு பேச்சுக்கு, நூறு உயர்சாதி விண்ணப்பங்களில் பத்துக்கு அழைப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம்: பத்துக்குத் தொண்ணூறு. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால், தலித் பெயருள்ள நூறில் ஏறக்குறைய ஏழு. அந்த மூன்று பேருக்கு என்ன குறை என்று எந்தக் கடிதமும் வந்திருக்காது. தனியொரு ஆள் தனக்கு நேர்ந்ததை ஒருபோதும் நிரூபிக்க முடியாது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே நமக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் டெல்லி வட்டாரத்தில் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்கள் அனுப்பி, இதே முறையில் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மென்பொருள் வேலைகளில் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. கால் சென்டர் வேலைகளில் உயர்சாதியினருக்குச் சாதகம் தெரிந்தது. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டி இரண்டாவதை மறைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எந்தத் தொழிலில், எந்தப் படியில் கதவு மூடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கேட்க முடியும். விண்ணப்ப ஆய்வு முதல் அழைப்போடு நின்றுவிடுகிறது. நேர்காணல் அறைக்குள் ‘அப்பா என்ன செய்கிறார்’ என்று கேட்பது அதன் எல்லைக்கு வெளியே.

தமிழ்நாட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் பெயரின் வாலில் இருந்த சாதிப் பட்டம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. முன்னெழுத்தை வைத்துச் சாதியைச் சொல்ல முடியாது. அதனால் சாதி ஒழிந்ததா? ‘எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?’ என்று கேட்கிறார்கள். காலனி, அம்பேத்கர் நகர் என்ற முகவரியே இங்கே பெயரின் வால். ஆகவே இங்கே ஆய்வு செய்பவர் மாற்றிப் பார்க்க வேண்டியது முகவரியை. ஆனால் முகவரியில் சாதியோடு வறுமையும் கிராமமும் ஒட்டியிருக்கும். ஒரே ஊரின் ஊர்த்தெருவையும் காலனியையும் எடுத்தால் அந்த ஒட்டலை ஓரளவு பிரிக்கலாம்.

கடைசியாக, பெயர் மறைப்பு. ஊர்ப்பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். ‘சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும், கணவரை இழந்த 45 வயதுப் பெண்’ என்று எழுதினால் டெல்லியில் இருப்பவருக்கு அது யாரோ ஒருவர். அந்த ஊர்த் தலைவருக்கு வீட்டு எண் வரைக்கும் தெரியும். வயதை மாற்றுங்கள், வேலையைப் பொதுவாக்குங்கள், அச்சுக்குப் போகுமுன் பேசியவரிடமே வாசித்துக் காட்டுங்கள். இதை எடுத்துவிடு என்று அவர் சொன்னால், அது கட்டுரையிலேயே நல்ல பகுதியாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

வாழைத்தோட்ட வேலையை இழந்த அந்த இளைஞரிடம் நாங்கள் பிறகு போனோம். அவர் பெயர் எங்கள் அறிக்கையில் இல்லை, அவர் கை காட்டிய குவளைகளும் இல்லை. அந்தப் பதினோரு தாள்களும் கணக்கில் சேர்க்கப்படாமல் மன்றத்து அலமாரியில் இருக்கின்றன. புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களிடம் முதல் நாள் அவற்றைத்தான் படிக்கக் கொடுக்கிறோம்.