தொக்கணம்: யாருக்கு, எப்படி, எப்போது கூடாது

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் உடம்புவலி தொழிலோடு சேர்ந்தே வருகிறது. முந்திரிக் காட்டில் குனிந்து பழம் பொறுக்குபவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஜெயங்கொண்டம் பக்கம் நாள் முழுக்கத் தறி மிதிப்பவருக்கு முழங்காலும் தோள்பட்டையும் கடுக்கின்றன. ராத்திரி வீட்டில் யாராவது எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவார்கள். வலி அடங்காவிட்டால் சுளுக்கு வழிக்கத் தெரிந்தவரைத் தேடுவார்கள்.

இந்தக் கைவைத்தியத்துக்கு முறையான மருத்துவ வடிவம் உண்டு. சித்த மருத்துவம் அதைத் தொக்கணம் என்கிறது. இன்று பரவலாக மசாஜ் என்கிறோம். சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செய்தால் வலிக்கு நல்ல துணை. கேள்வி கேட்காமல் அழுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம்.

பழைய வேர்

சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் அக மருந்துகள் 32 வகை, வெளியே பயன்படுத்தும் புற மருந்துகளும் 32 வகை. ஒற்றடம், பற்று, வேது ஆகியவற்றோடு தொக்கணமும் புற மருந்துகளில் ஒன்று.

மருத்துவம் வீட்டோடு நிற்கவில்லை. சோழர் காலத்து மருத்துவமனை எப்படி நடந்தது என்பதற்குக் கல்வெட்டே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராஜேந்திரன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை இயங்கியது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் அங்கே ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தைலங்களும் உண்டு.

மேற்கிலும் நீவிவிடும் வேலை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. லண்டனில் 1894இல் நான்கு செவிலியர்கள் மசாஜுக்குப் பயிற்சியும் ஒழுங்கும் வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமாக வளர்ந்தது.

ஒன்பது முறைகள்

தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று தொக்கணத்தை ஒன்பதாகப் பிரிப்பார்கள். எல்லாருக்கும் ஒன்பதும் செய்வதில்லை. எந்த இடம், எவ்வளவு நாளான வலி, ஆளின் வயதும் உடல் வலுவும் என்ன என்று பார்த்தே முறை தேர்வாகும். எண்ணெய் இல்லாமலும் செய்யலாம். எண்ணெய் விட்டால் தோல் உராயாமல் கை வழுக்கிச் செல்லும். வீட்டுக்கு நல்லெண்ணெய் போதும். உளுந்துத் தைலம் போன்ற மருந்துத் தைலங்களை மருத்துவர் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

இதமான அழுத்தம் தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகளைத் தூண்டுகிறது. தொடு உணர்வு மேலோங்கும்போது வலி உணர்வு மட்டுப்படும். இறுகிய தசை தளரும். அந்த இடத்துத் தோலில் ரத்த ஓட்டம் கூடும். மனம் அமைதியாகும், தூக்கம் வரும். முதுகுவலி, கழுத்துப் பிடிப்பு போன்றவற்றில் இப்படிக் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்குத்தான். தேய்ந்த மூட்டு இதனால் வளராது, முதுகெலும்பில் விலகிய தட்டு இடத்துக்கு வராது, ‘உடம்பின் நச்சு’ வெளியேறவும் செய்யாது. வலி தணிந்திருக்கும் நேரத்தில் உடற்பயிற்சியைத் தொடங்கி, உட்காரும் விதத்தையும் மாற்றிக்கொள்பவருக்கே பலன் நிலைக்கும்.

நல்ல சிகிச்சை எப்படி நடக்கும்?

முதலில் கேள்விகள் வரும்: காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அடிபட்டதா, கர்ப்பமா? அதன்பிறகு படுக்கவைத்து, வெதுவெதுப்பான எண்ணெயின் சூட்டைச் சிகிச்சையாளர்கள் தங்கள் மணிக்கட்டில் பார்த்துவிட்டுத் தடவுவார்கள். மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். ‘வலிச்சாத்தான் சரியாகும்’ என்பது தவறான எண்ணம். பொறுக்க முடியாத அழுத்தத்தில் தசை இன்னும் இறுகும், தோல் கன்றிப்போகும். வலித்தால் உடனே சொல்லுங்கள். சொன்னதும் கை நிற்க வேண்டும். சாப்பிட்ட உடனே செய்துகொள்ளாதீர்கள். பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்டுப் பெறலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எப்போது கூடாது?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அதை நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அறுவைக்குப் பிறகோ நீண்ட நாள் படுக்கையில் இருந்த பிறகோ இப்படி வீங்கினால் இன்னும் கவனம் தேவை.

கீழே விழுந்து வலித்தால் எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரையும் சுளுக்கு வழிக்க விடாதீர்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் திருகலில் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்குக் காலில் சூடு தெரியாமல் போயிருக்கலாம். சூடான எண்ணெயும் ஒற்றடமும் புண்ணாக்கிவிடும். கைக்குழந்தைக்கு எண்ணெய் தடவி மெல்ல நீவலாம். மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம்.

எங்கே போவது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டம் படித்தவர்கள். பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் திறந்த தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் புற சிகிச்சையைக் கற்பிக்கின்றன. அடிபட்ட தசைக்கும் மூட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட்டையும் அணுகலாம். வர்மப் புள்ளிகளைத் தொடும் சிகிச்சை என்றால் முறைப்படி கற்றவரிடம் மட்டுமே செல்லுங்கள்.

ஊரில் நெடுங்காலமாக நீவிவிடுபவர்களின் கைப்பழக்கம் மதிக்கத்தக்கது. அவர்களிடம் போனாலும் உங்கள் நோய்களையும் மாத்திரைகளையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மூன்று, நான்கு முறை செய்தும் வலி குறையவில்லை என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.