கணனிகளின் பேச்சுச் செலவு

ஒரு வேலையைப் பலரிடம் பகிர்ந்தால் அது விரைவில் முடியும் என்பர். ஆயினும், ஒருவர் விடைக்காக மற்றவர் காத்திருக்கும் நேரமே பயன் முழுவதையும் விழுங்கிவிடுதல் உண்டு.

1922 ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி லூயிஸ் ஃபிரை றிச்சட்சன், உலகின் வானிலையைக் கணிக்க 64,000 பேர் அமர்ந்த மண்டபமொன்றைக் கற்பனை செய்தார். ஒவ்வொருவரும் தம் பகுதிக்குரிய கணக்கைச் செய்து, விடையை அயலவர் காணும்படி ஒளிப்பலகையிற் காட்டுவர்.

இன்று அவர்களிடத்திற் கணனிகள் உள்ளன. வளிமண்டலத்தைக் கூறுகளாக்கி, ஒவ்வொரு கணனிக்கும் ஒரு கூறு அளிக்கப்படுகின்றது. கூறின் வெளிமுகத்திலுள்ள புள்ளிகளின் விடைகளை அயற்கணனிக்கு அனுப்புதல் வேண்டும். பக்கத்துக்குப் 10 புள்ளிகள் கொண்ட கனசதுரத்தில், 1,000 புள்ளிகளுள் 488 வெளிமுகத்தில் அமையும். பக்கத்துக்கு 100 ஆயின், பத்து இலட்சத்துள் 58,808 மட்டுமே.

ஆகவே, கூறுகளை மிகச் சிறிதாக்காமை முதல் வழி. சிறு செய்திகள் பலவற்றை ஒரே பொதியாக அனுப்புதல் இரண்டாவது. செய்தி வந்து சேரும்வரை உட்புள்ளிகளைக் கணித்துக்கொண்டிருத்தல் மூன்றாவது.

இவை வெறுஞ் சிக்கனமல்ல. நாளை வரும் புயலை நாளை மறுநாள் அறிவிப்பதாற் பயன் யாது?