ஆங்கிலக் கனவானின் மாலைப் பொழுது



தோட்டப் பள்ளி மாணவர்களைத் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். நீரை நோக்கிக் கிளை தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவன், "ஐயா, இந்தத் தோட்டத்துக்கு முதலாளி யாரு?" என்று கேட்டான். பால்மரக் காட்டில் பிறந்த பிள்ளைக்குத் தோட்டம் என்றால் அதற்கு ஒரு முதலாளி இருந்தே ஆகவேண்டும். அவனுடைய கேள்வியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குவோம்.

தைப்பிங் நகரம் 1937ஆம் ஆண்டு வரை பேராக் மாநிலத்தின் தலைநகராக விளங்கியது. ஆங்கில அதிகாரிகளும், படைத் தலைவர்களும், பின்னாளில் ரப்பர்த் தோட்டத் துரைமார்களும் இங்கே கூடினார்கள். ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்கள் நீர் நிறைந்து கிடந்தன. அந்நிலம் 1880களில் பூங்காவாக உருப்பெற்றது. குளிர்ந்த காற்றுக்காக அருகிலிருந்த மலையில் ஓய்வு இல்லங்கள் எழுந்தன. மேக்ஸ்வெல் என்ற அதிகாரியின் பெயரைத் தாங்கிய அந்த மலைதான் 1979இல் புக்கிட் லாருட் எனப் பெயர் மாறியது.

கனவான் என்பவர் யார்? பழைய இங்கிலாந்தில், நிலவருவாயைக் கொண்டு வாழ்பவர், கைகளால் உழைத்துப் பிழைக்க வேண்டாதவர் என்பது அதன் பொருள். வேட்டை, குதிரைப் பந்தயம், கிரிக்கெட், விருந்து, நாடகம் இவையே அவருடைய பொழுதுகள். மலாயாவுக்கு வந்த ஆங்கிலேயரில் பலர் அத்தகைய செல்வர் அல்லர். சம்பளத்துக்கு வேலை செய்ய வந்தவர்களே. ஆயினும் கப்பலை விட்டு இறங்கியதும் கனவானின் வாழ்க்கை அவர்களுக்குக் கிட்டியது. எப்படி? குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆள்பலத்தால்தான்!

மாலையில் கிளப்புக்குப் போவது அக்கால வழக்கம். டென்னிஸ், பில்லியர்ட்ஸ், சீட்டாட்டம் ஆகியவை அங்கே நடக்கும். பொழுது சாய்ந்தால் 'ஸ்தெங்ஙா' என்னும் பானம். மலாய் மொழியில் 'பாதி' என்று பொருள்படும் சொல்லே அது; விஸ்கியும் சோடாவும் பாதிப் பாதி. சில இரவுகளில் அதிகாரிகளும் அவர்தம் துணைவியரும் வேடம் கட்டி ஆங்கில நாடகங்களை நடித்து மகிழ்ந்தார்கள். ஞாயிறு நண்பகலில் சோறும் கறியும் கொண்ட பெருவிருந்து. 'கறி' நம் சொல். 'மிளகுத்தண்ணீர்'தான் அவர்கள் மேசையில் 'மல்லிகட்டானி' என்ற சூப்பாயிற்று. உணவுக்குப்பின் புகைத்த 'செரூட்'டும் நம்முடைய சுருட்டே.

நம் சொற்களுக்கு மேசையில் இடம் கிடைத்தது, நமக்கோ கிடைக்கவில்லை. ஐரோப்பியர் கிளப்புகளில் நம்மவர் உறுப்பினராக முடியாது. புல்வெட்டவும், பந்து பொறுக்கிக் கொடுக்கவும், பங்கா இழுக்கவும், தட்டு ஏந்தவுமே உள்ளே சென்றனர். மோட்டார் சாலை வருமுன், மலைக்குச் செல்பவர் சிலர் மட்டக்குதிரையில் ஏறினர். சிலரை நாற்காலியில் அமர்த்தி ஆட்கள் சுமந்தனர். ஒருவர் ஓய்வெடுக்க எத்தனை பேர் ஓய்வின்றி இருந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பாகுபாடு நிறத்தால் மட்டும் வந்ததா? இல்லை. இங்கிலாந்திலேயே 'கனவான்கள்' ஓர் அணியாகவும், கூலி பெற்று ஆடும் 'ஆட்டக்காரர்கள்' மற்றோர் அணியாகவும் கிரிக்கெட் ஆடினார்கள். 1806இல் தொடங்கிய அந்தப் போட்டி 1962இல்தான் முடிவுற்றது. அங்கும் தொழிலாளிக்கு ஓய்வு தானாக வரவில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்வதைத் தடுத்தது. அந்தச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பரவியதால்தான், கால்பந்து உழைப்பாளியின் ஆட்டமாக வளர்ந்தது.

நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவுதல், பால் எடுத்தல், பிறகு வீட்டு வேலை. துரையும் விடியலில் எழுந்தவரே; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அவருக்குக் கிளப்பு இருந்தது. தொழிலாளிக்கோ தோட்டத்துக் கள்ளுக்கடை இருந்தது. திருவிழாக் காலத்துக் கூத்தும் காமன் பண்டிகையும் நம்மவர் தாமே காத்துக்கொண்ட கலைகள்.

1941இல் சிலாங்கூர் மாநிலம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். போராட்டம் படைபலத்தால் அடக்கப்பட்டது. ஆயினும், தன் மாலைப் பொழுதும் மானமும் தனக்கே உரியவை என்று தொழிலாளி சொல்லிவிட்டான்.

விளையாட்டுத் திடலும் மெல்ல மெல்ல எல்லாருக்கும் உரியதாயிற்று. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். அதே போட்டியில், தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இருவரும் நம் பேராக் மாநிலத்தின் பிள்ளைகள்.

ஆகவே நேயர்களே, ஓய்வு என்பது சோம்பல் அன்று; செல்வருக்கு மட்டும் உரிய சொத்தும் அன்று. உடலுக்கு ஓர் ஆட்டம், உள்ளத்துக்கு ஒரு நூல் அல்லது நாடகம், குடும்பத்தோடு ஒருவேளை உணவு இவற்றுக்கு நேரம் கேட்பது மனிதனின் உரிமை. கிடைத்த நேரத்தைக் குடியில் இழக்காமல் காப்பது நம் கடமை.

அந்த மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, இந்தத் தோட்டத்துக்கு முதலாளி இல்லை. இது எல்லாருக்கும் பொது. ஓடி விளையாடு!"