பொம்பில் மீனின் இரையும் இனப்பெருக்கமும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, கடலினின்றும் விலகி அமைந்துள்ள புனே நகரத்தின் அங்காடிகளிலும் உலர்ந்த பொம்பில் மீன் விற்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘பம்பாய் வாத்து’ எனப் பெயர் பெற்ற இது வாத்து அன்று, மீனே ஆகும். தமிழில் இதனை வங்கரவாசி என்பர். கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளிவந்த நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இதனை விவரித்துள்ளார். நம் நாட்டில் குஜராத், மகாராஷ்டிரம், வங்காளம் ஆகியவற்றின் கடலோரங்களிலேயே இது மிகுதியாகக் கிடைக்கிறது.

இம்மீனின் உடலில் பெரும்பகுதி நீரே. எனவே அது விரைவில் கெட்டுவிடும். அதனைத் தடுக்க மீனவர்கள் இரண்டிரண்டு மீன்களாகத் தாடைகளைக் கோத்துக் கொடிகளில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துகின்றனர்.

உடல் மென்மையாயினும் இது கொடிய ஊனுண்ணியாகும். வாய் அகன்றது, ஊசி போன்ற பற்கள் உட்புறமாக மடியக்கூடியவை. ஆகவே உள்ளே புகுந்த இரை வெளியேற இயலாது. இரைப்பையைப் பிளந்து ஆராய்ந்தால், ஜவளா என மராத்தியில் வழங்கும் கூனி இறால்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. சிறு மீன்களும் உண்டு. தன் இனத்துக் குஞ்சுகளையும் இது விழுங்குகிறது.

இவ்வாறு தன் குஞ்சுகளைத் தானே உண்ணும் மீன் அழியாதிருப்பது எங்ஙனம்? பெண் மீன் ஒவ்வொன்றும் பல்லாயிரம் முட்டைகளை உண்டாக்குகிறது. மேலும், ஆண்டின் பெரும்பகுதியில் சினை முற்றிய மீன்கள் அகப்படுகின்றன. எனவே இதன் இனப்பெருக்கம் ஒரு குறுகிய பருவத்தோடு முடிவதில்லை.

இயற்கையின் இழப்பை இங்ஙனம் ஈடுசெய்யும் இம்மீனுக்கு வலையால் நேரும் இழப்பு வேறு தன்மையது. இதனைப் பிடிக்கும் ‘டோல்’ வலை ஒரு நீண்ட பை போன்றது. அதன் வாயைக் கடல் நீரோட்டத்திற்கு எதிராக நிறுத்தி வைப்பர். கூனி இறாலும் தப்பாவண்ணம் அதன் மடியில் கண்கள் மிகச் சிறியனவாக அமைந்துள்ளன. இரையும் அதனை நாடி வரும் இளம் பொம்பிலும் ஒரே நீரில் உலவுவதால், ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சுகளும் அம்மடியில் சிக்குகின்றன.

மழைக்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் மீன்பிடித் தடை உண்டு. ஆயினும், பல திங்கள் இனம் பெருக்கும் மீனுக்கு அது மட்டும் போதிய காப்பாகாது. வலைக்கண்ணைச் சற்றே பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பும். ஆனால் கூனியும் தப்பிவிடும். கூனியின் வரும்படியால் வாழும் சிறு மீனவனுக்கு அது உடனடி நட்டமாகும். இன்று துறக்கும் அச்சிறு வரும்படிக்கு ஈடாக, நாளை வளர்ந்த மீன் அவன் வலைக்கே வரும் என்பதை அவனுக்கு ஐயமற விளக்குதல் இன்றியமையாதது.