எலிக்குத் தெரியாத ‘டி’

ரத்த குரூப் பார்க்கும்போது கவனித்திருப்பீங்க. கண்ணாடித் துண்டில் மூணு சொட்டு ரத்தம். அதன்மேல் நீலம், மஞ்சள், நிறமில்லாதது என மூணு மருந்து. எது திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகக் கட்டுகிறதோ, அதை வைத்துத்தான் குரூப் சொல்கிறார்கள். அந்த மருந்துகள் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்ற ஆன்டிபாடிகள். இவை எங்கிருந்து வருகின்றன?

ஒரு காலத்தில் மனிதர்களின் சீரத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஆளுக்கு ஆள் வீரியம் மாறும், வேண்டாத ஆன்டிபாடிகளும் கலந்திருக்கும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் வேறு வழி கண்டார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல்லை வெளியே எடுத்து வளர்த்தால் சீக்கிரம் செத்துவிடும். மைலோமா என்ற புற்றுநோய் செல்லோ பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் ஹைப்ரிடோமா கிடைக்கும். ஏ, பி ஆன்டிஜென்கள் சர்க்கரைகள். எலிக்கு ஏ குரூப் சிவப்பணுவை ஊசியில் ஏற்றினால் ஆன்டி-ஏ செய்யும் பி செல்கள் கிடைத்துவிடும்.

சிக்கல் ‘டி’-யில்தான். அது செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரதம்; வெளியே எட்டிப்பார்ப்பது கொஞ்சம்தான். எலியிடமிருந்து ஆன்டி-டி வாங்குவது லேசில் நடக்கிற காரியமில்லை. அதனால் ஏற்கெனவே ஆன்டி-டி உருவான மனிதர்களின் பி செல்களை எடுத்து, எப்ஸ்டைன்-பார் வைரஸைத் தொற்றவைத்து வளரச் செய்தார்கள்.

அடுத்து வந்தது ஃபேஜ் டிஸ்ப்ளே. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். ஒவ்வொரு ஃபேஜின் தலைமேலும் ஒரு ஆன்டிபாடித் துண்டு, அதற்கான மரபணு உள்ளே. இப்படிக் கோடிக்கணக்கில் செய்துகொண்டு சலிக்க வேண்டும். டி உள்ள சிவப்பணுக்கள்மேல் காந்தத் துகள் ஒட்டி, டி இல்லாத செல்களை ஏராளமாகக் கலந்து, அதில் ஃபேஜ்களை விடுவார்கள். டி-யோடு சம்பந்தமில்லாதவை பெரும்பாலும் சாதா செல்களிலேயே ஒட்டிக் கழிந்துவிடும். காந்தத்தில் மாட்டியதை எடுத்துப் பெருக்கி, மறுபடி சலிப்பார்கள். சில சுற்றுகளில் டி-யை மட்டும் பிடிப்பவை மிஞ்சும்.

வேலை முடிந்ததா? இல்லை. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுகிறோமே, அங்கே டி-யில் ஒட்டினால் மட்டும் போதாது. தாயின் ரத்தத்தில் கலந்த குழந்தையின் செல்களை மண்ணீரல் விரைவாக அகற்ற வேண்டும். அதற்கு ஆன்டிபாடியின் வால் பகுதியும் அதன்மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலியும் சரியாக அமையணும். சங்கிலியின் அமைப்போ எந்தச் செல்லில் வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். லேபில் செய்த சில ஆன்டி-டிக்கள் சோதனையில் சறுக்கியது இந்த வால் விஷயத்தில்தான்.

அதனால் பல நாடுகளில் இந்த ஊசிமருந்து இன்றைக்கும் மனிதர்கள் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்துதான் வருகிறது. எலிக்குத் தெரியாத ‘டி’-க்கு, முகம் தெரியாத யாரோ ஒருவர் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.